ஒரே ஒரு பாக்கெட் போதும், கம்ப்யூட்டர் படுத்துவிடும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நன்றாகத்தான் ஓடிக் கொண்டிருந்தது. திடீரென்று நீல நிறத் திரை வந்து நின்றுவிட்டது. ரேம் போய்விட்டதா? வைரஸ் வந்துவிட்டதா?" பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. எந்த வைரஸும் உள்ளே வந்திருக்காது. நெட்வொர்க் கேபிள் வழியாக யாரோ அனுப்பிய, தப்பும் தவறுமான ஒரு சிறு தகவலைப் படிக்கப் போய், ஆப்பரேட்டிங் சிஸ்டம் தானே தடுக்கி விழுந்திருக்கும். இந்த மூன்றாவது காரணத்தை நான் கற்றுக் கொண்டது நாமக்கல்லில். அதற்காக ஒரு பையன் வேலையை இழந்தான். அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் உள்ள தொழில்நுட்பத்தையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

மாலை ஆறு மணி ஆனால் நீலத் திரை

2001ஆம் ஆண்டு கோடை. அப்போது நான் சேலத்தில் இருந்தபடி கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து கொண்டிருந்தேன். நாமக்கல்லில் கோட்டை மலைக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் எனக்கு வாடிக்கை. அதன் உரிமையாளர் முன்பு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். இருந்த ஒரு லாரியை விற்று, அந்தப் பணத்தில் ஏழு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் விண்டோஸ் 98. ஒன்றில் மோடம் இருக்கும். அதன் வழியே மற்ற ஆறுக்கும் இன்டர்நெட் இணைப்பு. எல்லாவற்றையும் ஒரு ஹப்பில் கோர்த்திருந்தோம். கடையைப் பார்த்துக் கொள்ள சேந்தமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன்.

ஏப்ரல் கடைசியில் போன் வந்தது. "தம்பி, சாயங்காலம் ஆனா நீலமாயிருதுங்க. ஒண்ணு எந்திரிச்சா இன்னொண்ணு படுக்குது. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரம். கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

ராசிபுரம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல்தான் வருகிறது. அந்த நேரத்தில் வோல்டேஜ் குறையும் என்பதால் முதல் சந்தேகம் கரண்ட் மேல். ஸ்டெபிலைசர் மாற்றினோம். நிற்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டரில் ரேம் மாற்றினோம். நிற்கவில்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரு நாள் நன்றாக இருந்தது. மறுநாள் மாலை அதே நீலம்.

பொறுமை போய்விட்டது. "கடையில இருக்கிற பையன் ஏதாவது கேம்ஸ் சி.டி. போட்டிருப்பான் அண்ணா, அதுலதான் ஏதோ வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு சேலம் பஸ் ஏறிவிட்டேன். சொன்னது நான். ஆதாரம் எதுவும் கிடையாது. அடுத்த வாரம் போனபோது அந்தப் பையன் இல்லை. ரேம் வாங்கிய பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டு அனுப்பிவிட்டிருந்தார். நீலத் திரை மட்டும் போகவில்லை.

துப்பு கொடுத்த ஒரு வரி

அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். நீலத் திரை வந்ததும் எஸ்கேப் கீயைத் தட்டாமல், அதில் உள்ள எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஐந்து முறை. எல்லாவற்றிலும் 'விஎக்ஸ்டி எம்எஸ்டிசிபி' என்ற பெயர் இருந்தது. ரேம் கெட்டிருந்தால் தவறு ஒரு நேரம் இங்கே, ஒரு நேரம் அங்கே என்று மாறி மாறி வரும். இங்கே எல்லாம் ஒரே இடத்தில். எம்எஸ்டிசிபி என்பது விண்டோஸ் 98ல் நெட்வொர்க் தகவலை வாங்கிப் பிரித்துப் படிக்கும் பகுதி.

ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டுக் காத்திருந்தேன். மற்றவை படுத்தன. அது படுக்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூலையில் இருந்த ஆறாம் எண் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட விழவில்லை. ஹப்பைப் பார்த்தேன். நீலத் திரை வருவதற்குச் சற்று முன்பு ஆறாம் எண் போர்ட்டின் விளக்கு படபடவென்று துடித்தது.

அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு கல்லூரி மாணவன். தினமும் மாலை வருகிறவன். பிளாப்பியில் ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தான். பெட்டியில் எதிராளியின் ஐபி எண்ணைக் கொடுத்து, பட்டனை அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டர் விழுந்துவிடும். சாட்டிங்கில் இருக்கும் நண்பர்களை விளையாட்டாக விழ வைத்துக் கொண்டிருந்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. புரோகிராமின் பெயரில் 'ஐஜிஎம்பி' என்று இருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் மற்றதைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

டாஸ் என்றால் பழைய டாஸ் அல்ல!

இந்த வகைத் தாக்குதலுக்கு 'டினையல் ஆப் சர்வீஸ்' என்று பெயர். தமிழில் சேவை மறுப்பு எனலாம். சுருக்கமாக டாஸ். (விண்டோஸுக்கு முன்பிருந்த எம்எஸ்-டாஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) இதில் உங்கள் பைலை யாரும் திருடுவதில்லை. பாஸ்வேர்டு போவதில்லை. கம்ப்யூட்டரை உங்களுக்கே பயன்படாமல் செய்துவிடுவதுதான் இதன் வேலை.

"வெளியில இருந்து ஒரு தகவல் வந்தா படிக்கத்தானே வேணும்? படிச்சதுக்கே படுத்துக்குமா?" என்று கடைக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. நாமக்கல்காரர் என்பதால் முட்டையை வைத்தே விளக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முட்டை லோடும் பிங் ஆப் டெத்தும்

நெட்வொர்க்கில் எந்தத் தகவலும் மொத்தமாகப் போவதில்லை. பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 65,535 பைட். நாம் பயன்படுத்தும் ஈதர்நெட் கேபிளில் ஒரு நடைக்கு 1500 பைட்தான் ஏறும். எனவே பெரிய பாக்கெட்டைத் துண்டு துண்டாக அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் ஒட்டிக் கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் "என்னை இத்தனையாவது இடத்திலிருந்து வை" என்று எழுதியிருக்கும்.

இப்போது ஒரு முட்டைக் குடோனை நினைத்துக் கொள்ளுங்கள். சரியாக 65,535 முட்டைக்குத்தான் இடம். பல லாரிகளில் லோடு வருகிறது. கடைசி லாரியின் சீட்டில் "65,528ஆம் இடத்திலிருந்து அடுக்கவும்" என்று இருக்கிறது. லாரியிலோ 100 முட்டை. கணக்குத் தெரிந்த ஆள் "இது சரிப்படாது" என்று லாரியைத் திருப்பி அனுப்புவார். சீட்டை அப்படியே நம்பும் ஆள் அடுக்கிக் கொண்டே போவார். இடம் தீர்ந்ததும் பக்கத்து அறைக்குள் நுழைந்து, கணக்கு நோட்டுகளின் மேல் முட்டையை வைப்பார். குடோனின் மொத்த நிர்வாகமும் குழம்பிவிடும்.

1996 இறுதியில் வெளியே தெரிந்த 'பிங் ஆப் டெத்' இதுதான். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்கும் சாதாரணக் கட்டளை. விண்டோஸ் 95ல் இருந்த அதே கட்டளையில் அளவை 65,510 என்று கொடுத்தால் போதும். அதோடு தலைப்புத் தகவல் 28 பைட் சேரும்போது 65,538 ஆகிறது. எல்லையைவிட மூன்றே மூன்று பைட் கூடுதல். இதற்கே விண்டோஸ், யூனிக்ஸ், மேக் மட்டுமின்றி ரௌட்டர்களும் பிரிண்டர்களும்கூட விழுந்தன. ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு. எல்லோரும் சீட்டை நம்பியிருந்தார்கள்!

இதன் உறவுக்காரர்கள்

டியர்டிராப் (1997): இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இட எண்ணைப் பொய்யாக எழுதி அனுப்புவது. ஒட்டும்போது கழித்தல் கணக்கில் மைனஸ் விடை வரும். அந்த மைனஸை மிகப் பெரிய எண்ணாக எடுத்துக் கொண்டு சிஸ்டம் குழம்பிவிடும். விண்டோஸ் 95, என்.டி. மட்டுமல்ல, லினக்ஸும் இதில் சிக்கியது.

லேண்ட் (1997 நவம்பர்): அனுப்புநர், பெறுநர் இரண்டு முகவரியிலும் உங்கள் முகவரியையே எழுதி அனுப்புவது. கம்ப்யூட்டர் தனக்குத் தானே பதில் எழுதிக் கொண்டு, சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகும்.

வின்நியூக் (1997): விண்டோஸ் 95ன் 139ஆம் போர்ட்டுக்கு, 'அவசரம்' என்று முத்திரை குத்திய தகவல் ஒன்றை அனுப்புவது. உடனே நீலத் திரை.

சின் பிளட்: இது சற்று வேறு ரகம். இணைப்பு வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் பெயர் பதிந்துவிட்டு, பேச வராமலே இருப்பது. பதிவு நோட்டு நிரம்பிவிடுவதால் உண்மையான வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இன்டர்நெட் நிறுவனம் இதனால் பல நாள் திணறியது.

எங்கள் நாமக்கல் கடையில் நடந்தது ஐஜிஎம்பி வகை. ஒரே வீடியோவையோ ஆடியோவையோ பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பும்போது, யார் யாருக்கு வேண்டும் என்று பதிவு செய்யும் புரோட்டோகால் இது. கடையில் யாருக்கும் அது தேவையே இல்லை. ஆனாலும் அதைப் படிக்கும் புரோகிராம் விண்டோஸ் 98ல் எப்போதும் விழித்துக் கொண்டிருந்தது. துண்டு துண்டாக, முறை தவறி வந்த ஐஜிஎம்பி பாக்கெட்டை வாங்கியதும் விழுந்தது. நாம் பயன்படுத்தாத கதவும் திறந்த கதவுதான் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மருந்து அங்கேயே இருந்தது

இதில் எனக்கு உறுத்தியது எது தெரியுமா? இந்தக் கோளாறைச் சரிசெய்யும் பேட்ச்சை மைக்ரோசாப்ட் 1999 செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தது. சின்னஞ்சிறு பைல். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக இலவசமாகக் கிடைத்துக் கொண்டிருந்தது. சர்வீஸ் செய்கிறவன் என்று சொல்லிக் கொண்ட நான் அதைப் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்று இரவே ஏழு கம்ப்யூட்டரிலும் போட்டேன். அந்த நீலத் திரை அதன் பிறகு வரவில்லை.

கடைக்காரரும் நானும் சேந்தமங்கலம் போனோம். பையன் வீட்டில் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதப் போய்விட்டிருந்தான். பிடித்த பணத்தை அவனுடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். "அப்பவே எம் பையன் இல்லைன்னு சொன்னானுங்களே" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். அவன் திரும்ப வரவில்லை. கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் முதலில் ஆள் மேல் பழி போடக் கூடாது என்பதை அன்று கற்றுக் கொண்டேன்.

2003 ஆகஸ்ட்: 60 விநாடி எச்சரிக்கை

கற்ற பாடம் இரண்டு வருடத்தில் உதவியது. 2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற வோர்ம் உலகம் முழுவதும் பரவத் தொடங்கியது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று வேலையைப் பகிர்ந்து கொள்ளப் பயன்படும் ஆர்பிசி என்ற பகுதியில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் "இன்னும் 60 விநாடியில் சிஸ்டம் ஷட்டவுன் ஆகும்" என்று பெட்டி வந்து, எண் குறைந்து கொண்டே போகும். அன்று எக்ஸ்பி வைத்திருந்தவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். அந்த வோர்முக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் 16 முதல், தான் பிடித்த எல்லாக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் விண்டோஸ் அப்டேட் முகவரி ஒன்றின் மீது சின் பிளட் நடத்த வேண்டும்! மைக்ரோசாப்ட் அந்த முகவரியையே விலக்கிக் கொண்டு தப்பித்தது.

இதற்கான பேட்ச் அதற்கு முந்தைய ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. அதை ஒரு சி.டி.யில் எழுதி வைத்துக் கொண்டு, சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று என் வாடிக்கைக் கடைகளுக்கெல்லாம் போய்ப் போட்டிருந்தேன். கோட்டை மலைப் பக்கத்துக் கடையும் அப்போது எக்ஸ்பிக்கு மாறியிருந்தது. அங்கே அந்தப் பெட்டி வரவே இல்லை.

இது பழைய கதைதானே?

அப்படி நினைத்துவிடாதீர்கள். இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

1997ல் சரிசெய்யப்பட்ட லேண்ட் கோளாறு, 2005ல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2லும் சர்வர் 2003லும் மறுபடி தலை காட்டியது. 2013ல் விண்டோஸின் புதிய முகவரி முறையான ஐபிவி6 பகுதியில், பிங் ஆப் டெத் போன்ற ஒரு கோளாறு சரிசெய்யப்பட்டது. 2019 ஜூனில் 'சேக் பேனிக்' என்ற கோளாறு லினக்ஸில் வெளிப்பட்டது. நெட்பிளிக்ஸ் நிறுவனத்தினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தகவல் சரியாக வந்து சேர்ந்ததா என்று கணக்குப் பார்க்கும் இடத்தில், ஒரு எண் நிரம்பி வழிந்து சிஸ்டம் நின்றுவிடும். 2024 ஆகஸ்ட் 13 அன்று விண்டோஸின் ஐபிவி6 பகுதியில் இன்னொரு கோளாறு சரிசெய்யப்பட்டது. இதில் கம்ப்யூட்டரை நிறுத்துவது மட்டுமல்ல, உள்ளே புகுந்து வேறு புரோகிராமை ஓட்டவும் வழி உண்டு என்று எச்சரித்தார்கள். பயனாளர் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை.

ஏன் திரும்ப வருகிறது? புதிய வசதி சேர்க்கும்போது புதிய வரிகள் எழுதப்படுகின்றன. எழுதுகிறவர், வரும் தகவல் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு இடத்தில் நம்பிவிடுகிறார். அந்த ஒரு இடம் போதும். சீட்டை நம்பாமல் முட்டையை எண்ணிப் பார்க்கும் வேலை எந்தக் காலத்திலும் முடிவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, விண்டோஸ் அப்டேட் பிரிவில் 'செக் பார் அப்டேட்ஸ்' கிளிக் செய்யவும். "ரீஸ்டார்ட் செய்" என்று கேட்டால் அன்றே செய்துவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும் வரை பல பேட்ச்கள் வேலைக்கு வராது.

2. உங்களிடம் எந்த விண்டோஸ் உள்ளது என்று பாருங்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

3. பில் போடவோ பழைய பிரிண்டருக்காகவோ பழைய விண்டோஸை வைத்தே தீர வேண்டுமா? வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைபையை ஆப் செய்துவிடுங்கள். தகவல் வரவே வழியில்லாத கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியே யாரும் விழ வைக்க முடியாது.

4. பயர்வாலை நிறுத்தாதீர்கள். எக்ஸ்பியில் 2004ல் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் அது தானாகவே ஓடுகிறது. ஏதாவது கேம் ஓடவில்லை என்று அதை ஆப் செய்வது வழக்கமாகிவிட்டது. தவிர்க்கவும். பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ், டீக்கடை வைபையில் இணையும்போது 'பப்ளிக் நெட்வொர்க்' என்பதையே தேர்ந்தெடுக்கவும்.

5. வீட்டு ரௌட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்கும் அப்டேட் உண்டு. கம்பெனியில் வைத்து அனுப்பும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2017 ஜூலையில், அப்படி மாற்றாமல் விட்ட பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் மால்வேர் தாக்குதலில் சிக்கி, ஏராளமானோர் இணைப்பை இழந்தார்கள்.

6. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றால், பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, வழக்கமாக நிற்கும் நேரம் வரை ஓட விடுங்கள். அப்போதும் நின்றால் ரேம், சூடு, மின்சாரம் என்று பாருங்கள். நிற்காவிட்டால் விண்டோஸ் அப்டேட்டையும், நெட்வொர்க் கார்டின் டிரைவரையும் முதலில் கவனியுங்கள். திரையில் வரும் எழுத்துகளைச் செல்போனில் படம் பிடித்து வைத்தால் சர்வீஸ் செய்கிறவருக்கு உதவும்.

விளையாட்டு அல்ல

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய புரோகிராம்கள் கையில் கிடைத்தால் நண்பனின் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கும் ஆசை வரும். அனுமதி இல்லாமல் பிறரது கம்ப்யூட்டரை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43ஆம் பிரிவில் வருகிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சோதிக்க வேண்டும் என்றால் உங்களுடைய இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, வெளி இணைப்பு இல்லாமல் சோதியுங்கள். ஏன் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். அப்படிக் கண்டுபிடித்துச் சொன்னவர்களால்தான் நமக்குப் பேட்ச் கிடைக்கிறது. நம் நாட்டில் இத்தகைய கோளாறுகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிடுவதற்கென்றே 2004 முதல் சர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு இயங்குகிறது.

அந்தக் கல்லூரி மாணவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை. வேடிக்கைக்காகச் செய்தான். எனக்கும் அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. தெரியாததை மறைக்க ஏதோ ஒன்றைச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஒருவனின் வேலையைப் பறித்தன. அதைத் தடுத்திருக்கக் கூடிய பேட்ச் இலவசமாகவே கிடைத்தது. போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் ஓட விடுங்கள்.